வேரியோமேட்டிக்கில் வேக்கம் லீக்: வாசகர் கேள்வி பதில்

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்து டாஃப் நிறுவனம் 1958-ல் டாஃப் 600 காரோடு அறிமுகப்படுத்தியது வேரியோமேட்டிக். பல்சக்கரம் மாற்றும் வேலையே இல்லாமல், ரப்பர் வி-பெல்ட்டும் விரிந்து சுருங்கும் புல்லிகளும் சேர்ந்து வேகவிகிதத்தை மாற்றிக்கொண்டே போகும். டாஃப் 33, 44, 55, 66 என்று வளர்ந்து, பிறகு வால்வோ 66, வால்வோ 343 வரை இதே அடிப்படைதான். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அதன் உள்ளிழுப்புக் குழாயில் (மேனிஃபோல்டு) உண்டாகும் வேக்கம், அதாவது காற்றழுத்தக் குறைவு, ஹோஸ் வழியாக வந்து இந்த விகிதத்தை மாற்ற உதவுகிறது. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் வேக்கம் லீக் சம்பந்தப்பட்டவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் டாஃப் 44 சமதளச் சாலையில் 70 கி.மீ. வேகத்தில் போனாலே, 90-ல் போவது போல இன்ஜின் அலறுகிறது. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திப் பிடித்தாலும் சத்தம் இறங்குவதில்லை. மைலேஜும் விழுந்துவிட்டது. பெல்ட் இரண்டையும் புதிதாகப் போட்டும் அப்படியேதான் இருக்கிறது. டிரம்மைப் பிரித்துப் பார்த்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். வெளியில் இருந்தே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம்.

இன்ஜின் சுழற்றும் பிரைமரி புல்லிகள் பெல்ட்டுக்கு ஒன்றாக இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டுகள். ஒன்று அசையாது, மற்றது நகரும். நகரும் தட்டு உள்ளே நெருங்க நெருங்க பெல்ட் மேலே ஏறும், உயர்ந்த விகிதம் கிடைக்கும், அதாவது அதே சாலை வேகத்துக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் போதும். அந்தத் தட்டை நெருக்குபவை இரண்டு: இன்ஜின் வேகத்தில் வெளியே விரியும் எடைகள் ஒன்று, புல்லியோடு சுற்றும் டிரம்முக்குள் இருக்கும் டயஃப்ரத்தின் (ரப்பர்ச் சவ்வு) மேல் வேலை செய்யும் வேக்கம் இன்னொன்று. டயஃப்ரம் டிரம்மை வெளியறை, உள்ளறை என்று பிரிக்கிறது. வெளியறைக்கு வேக்கம் போனால் எடைகளுக்குக் கைகொடுத்து விகிதம் உயரும். உள்ளறைக்குப் போனால் எதிர்ப்பக்கம் இழுத்து விகிதம் இறங்கும். பின்னால் சக்கரப் பக்கத்து செகண்டரி புல்லியில் உள்ள ஸ்பிரிங் எப்போதும் விகிதத்தைக் கீழே இறக்கவே பார்க்கும்.

வேக்கத்தின் பங்கு சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. லேசான ஆக்ஸிலரேட்டரில் 15 அங்குல பாதரச வேக்கம் இருக்கிறது என்றால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் அரை கிலோ விசை. டயஃப்ரத்தின் பரப்பு 200 ச.செ.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 கிலோ மூட்டை ஒன்று தட்டின் மேல் சாய்ந்திருக்கிற மாதிரி. லீக்கினால் டிரம்மில் 5 அங்குலம்தான் சேருகிறது என்றால் அந்த மூட்டை 34 கிலோவாகக் குறைந்துவிடும். ஸ்பிரிங் ஜெயிக்கும், பெல்ட் மேலே ஏறாது, இன்ஜின் அலறும்.

ஆகவே முதல் சோதனையைச் சாலையிலேயே செய்யலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் வேக்கம் ஏறக்குறைய இல்லாமல் போகும். அந்த நேரத்தில் டிரம்முக்கு வேக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். முழு மிதியில் வண்டி முன்பு போலவே இழுத்து, லேசான மிதியில் மட்டும் அலறினால் வேக்கம் பக்கம் தேடுங்கள். முழு மிதியிலும் கோளாறு தெரிந்தால் பெல்ட் இழுவிசை, சிக்கிக்கொண்ட தட்டு, எடைகள் என்று மெக்கானிக்கல் பக்கம் போக வேண்டும். புது பெல்ட் போட்டிருக்கிறீர்கள், கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளி வைத்து இறுக்கம் சரிபார்த்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேக்கத்தை அளக்கும் கேஜை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது. மேனிஃபோல்டில் டி-இணைப்புப் போட்டுப் பார்த்துவிட்டு "18 அங்குலம் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். இந்த ஏமாற்றம்தான் அதிகம். ஹோஸின் துளை குறுகலானது. டிரம் பக்கத்தில் ஒழுகினால், அந்தக் குறுகல் வழியாக வரும் காற்றை இன்ஜின் சுலபமாக விழுங்கிவிடும், மேனிஃபோல்டு கேஜ் அசையாது. ஆனால் டிரம் வாயில் 6 தான் இருக்கும். ஆகவே ஒரே கேஜை இரண்டு இடத்தில் மாட்டிப் பாருங்கள்: மேனிஃபோல்டில் ஒரு முறை, வெளியறை ஹோஸ் டிரம்முக்குள் நுழையும் இடத்தில் டி-இணைப்புப் போட்டு ஒரு முறை. வேக்கத்தை எந்த அறைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் கண்ட்ரோல் வால்வு வெளியறைக்குத் திறந்திருக்கும் நிலையில் இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 1 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 3, 4 என்று போனால் லீக் நடுவில் எங்கோ இருக்கிறது. வால்வுக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி அளந்தால், எந்தத் துண்டு என்று இரண்டே அளவில் தெரிந்துவிடும்.

நீண்ட ஹோஸ் போட்டுக் கேஜைக் காருக்குள் கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஓட்டுபவர் ஒருவர், கேஜைப் பார்ப்பவர் இன்னொருவர் என்று இரண்டு பேர் போங்கள்.

கேள்வி: டாஃப் 66. ஐட்லிங் அதிகமாக இருக்கிறது. நியூட்ரலில் இருந்து லீவரைத் தள்ளினால் 'கிரீச்' என்று கடிக்கிறது, பிரேக்கை விட்டால் வண்டி தானே நகர்கிறது. ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்தால் இன்ஜின் நின்றுவிடுகிறது. இது கிளட்ச் கோளாறா, வேக்கமா?

பதில்: கிளட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் கடிக்கிறது. இது மையவிலக்கு விசைக் கிளட்ச். இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஷூக்கள் விரிந்து பிடித்துக்கொள்ளும். ஐட்லிங் அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் கிளட்ச் பாதி பிடித்துக்கொண்டே இருக்கும். புரப்பெல்லர் ஷாஃப்ட் சுழன்றுகொண்டிருக்கும்போது நீங்கள் லீவரைத் தள்ளுகிறீர்கள், நிற்கிற பல்லும் சுற்றுகிற பல்லும் மோதுகின்றன. இதைப் பல நாள் பொறுத்துக்கொண்டால் பற்களின் முனை உருண்டு, பிறகு கியர் விலகி விழ ஆரம்பிக்கும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்க்ரூவைக் குறைத்தால் நின்றுவிடுகிறது என்று எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ அளவில்லாத காற்று நுழைகிறது. கலவை நீர்த்துப் போயிருக்கிறது. திராட்டில் (காற்று வழியை மூடித் திறக்கும் தகடு) திறந்திருக்கும் வரை சமாளிக்கிறது, மூடினால் தாங்குவதில்லை.

முதலில் கோளாறு இன்ஜின் பக்கமா டிரான்ஸ்மிஷன் பக்கமா என்று பிரித்தறியுங்கள். மேனிஃபோல்டிலிருந்து டிரான்ஸ்மிஷனுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு முனையை ரப்பர் மூடியால் அடையுங்கள். பழைய ஹோஸை இடுக்கியால் நசுக்கி அடைக்கப் பார்க்காதீர்கள். இறுகிப்போன ரப்பர் அந்த இடத்திலேயே விரிசல் விட்டு, ஒன்றாக இருந்த லீக்கை இரண்டாக்கும். அடைத்தவுடன் ஐட்லிங் மாறி, ஸ்க்ரூவுக்குக் கட்டுப்பட்டால் லீக் டிரான்ஸ்மிஷன் பக்கம். மாறவே இல்லை என்றால் இன்ஜின் பக்கம். பிரேக் சர்வோ உள்ள வண்டி என்றால் அதன் ஹோஸையும், டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்கம் அட்வான்ஸ் இருந்தால் அதன் சின்ன ஹோஸையும் இதே மாதிரி ஒவ்வொன்றாக அடைத்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும்.

இன்ஜின் பக்கம் என்றால் வழக்கமான இடங்கள்: கார்புரேட்டருக்கு அடியில் உள்ள வெப்பத்தடைக் கட்டை (இறுக்கி இறுக்கி வளைந்திருக்கும், நேர் விளிம்புள்ள ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் கீற்றுத் தெரியும்), மேனிஃபோல்டு கேஸ்கட், தேய்ந்த திராட்டில் ஷாஃப்ட். ஷாஃப்ட்டை மேலும் கீழும் விரலால் ஆட்டினாலே தெரிந்துவிடும். ஆடும்போது ஐட்லிங்கும் சேர்ந்து ஆடினால் அங்கேதான்.

கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்க்கும் வழக்கம் உண்டு. எளிதில் தீப்பிடிக்கும் சமாச்சாரம், பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட். பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியில் வெறும் தண்ணீரை வைத்து மெல்லிய தூவலாக அடியுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் இழுக்கப்பட்டு இன்ஜின் ஒரு கணம் தடுமாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர் கூல்டு டாஃப் 33, 44-ல் இந்த முறையை அவ்வளவாக நம்பாதீர்கள். ஃபேன் காற்று தூவலை அள்ளிக் கொண்டுபோய் வேறு இடத்தில் போடும், சம்பந்தமில்லாத இணைப்பைக் குற்றம் சொல்லவைக்கும்.

கேள்வி: வேக்கம் உண்டாக்கும் கைப்பம்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். 15 அங்குலம் ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தேன், 10-க்கு வந்துவிட்டது. இது பரவாயில்லையா? டயஃப்ரமா, சீலா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் டிரம்மைக் கழற்றுவதா வேண்டாமா என்பதே இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

முதலில் பம்பைச் சோதியுங்கள். முனையை ரப்பர் மூடியால் அடைத்து 20 அங்குலம் ஏற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். முள் அசையக் கூடாது. பம்பும் அதன் சொந்த இணைப்புக் குழாயும் ஒழுகுவது அடிக்கடி நடக்கும், அதை நம்பி நல்ல டயஃப்ரத்தைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

அடுத்து ஹோஸ்களைத் தனியாக. இரண்டு முனையும் கழற்றி, ஒன்றை அடைத்து, மறுமுனையில் 15 அங்குலம். ஒரு நிமிடத்தில் எதுவும் இறங்கக் கூடாது. பம்பை மாட்டியபடியே ஹோஸை மெதுவாக வளைத்துப் பாருங்கள், குறிப்பாக முனையிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில். நேராக இருக்கும்போது மூடிக்கொண்டு, வண்டியில் மாட்டி வளைத்தவுடன் வாய் திறக்கும் விரிசல்கள் அங்கேதான் இருக்கும்.

பிறகு கண்ட்ரோல் வால்வு. மின்சாரத்தில் இயங்கும் வால்வு என்றால் மின்சாரம் கொடுத்தும் கொடுக்காமலும் இரண்டு நிலையிலும் சோதிக்க வேண்டும். 'டிக்' என்று சத்தம் வந்துவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சின்ன வட்டு தன் இருக்கையில் முழுமையாக உட்கார்ந்தால்தான் அடைபடும். தூசோ ரப்பர்த் துணுக்கோ ஒரு மயிரிழை அளவு நடுவில் மாட்டினாலே போதும். வண்டியிலேயே வைத்து இந்தச் சோதனை செய்யும்போது இக்னிஷனை ஆன் செய்து நீண்ட நேரம் விடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 'இக்னிஷன் காயில்' சூடாகிவிடும். காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது டிரம். இன்ஜின் நின்றிருக்க வேண்டும், லீவர் நியூட்ரலில், சக்கரங்களுக்கு அடைப்பு. ஒரு பக்கத்து டிரம்மின் இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். கழற்றும் முன் வெவ்வேறு நிற டேப்பில் அடையாளம் ஒட்டிக்கொள்ளுங்கள். வெளியறை முனையில் பம்பை மாட்டி 15 அங்குலம் ஏற்றுங்கள். ஆரம்பத்தில் தட்டு நகர்ந்து இடம் மாறுவதால் முள் கொஞ்சம் இறங்கும், அது லீக் இல்லை. மறுபடி 15-க்கு ஏற்றி, அங்கிருந்து நிமிடக் கணக்கை ஆரம்பியுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கடைசிச் சொல். அது கையில் இல்லாதபோது எங்கள் கணக்கு இது: ஒரு நிமிடத்தில் 13-க்குக் கீழே போகாவிட்டால் தொடாதீர்கள். 10-க்கு வந்தால் தேய்ந்த சீல். ஒரு சில வினாடியில் பூஜ்யத்துக்கு விழுந்தால் கிழிசல்.

எது என்று உறுதி செய்வது இப்படி. வெளியறையில் பம்பை இயக்கிக்கொண்டே, திறந்திருக்கும் உள்ளறை முனையில் ஈர விரலை வையுங்கள். விரல் உள்ளே உறிஞ்சப்பட்டால், அந்தக் காற்று டயஃப்ரத்தைத் தாண்டித்தான் வருகிறது, டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. விரலால் அடைத்தவுடன் பம்பு முள் இறங்குவது நின்றுபோனால் சந்தேகமே வேண்டாம். ஆனால் தட்டு நகரும்போதும் உள்ளறை கொஞ்சம் காற்றை இழுக்கும். ஆகவே நகர்ந்து முடியும் வரை காத்திருந்து பிறகு விரலை வையுங்கள். விரலில் எந்த உறிஞ்சலும் இல்லை, ஆனாலும் முள் இறங்குகிறது என்றால் காற்று வெளியிலிருந்து வருகிறது: சுற்றுகிற டிரம்மும் நிற்கிற குழாயும் சேரும் இடத்தில் உள்ள சீல், அல்லது டயஃப்ரத்தின் விளிம்பை இறுக்கும் இடம்.

உள்ளே புகையைச் செலுத்தி லீக் தேடும் புகைச் சோதனை செய்பவர்கள் இதே காரணத்துக்காகக் கவனமாக இருக்க வேண்டும். டயஃப்ரம் கிழிசலில் புகை வெளியே வராது, அடுத்த அறைக்குப் போய் அதன் ஹோஸ் வழியே திரும்பிவிடும். அழுத்தமும் 1 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்று. டயஃப்ரத்தின் மடிப்பில் உள்ள விரிசல், தட்டு ஒரு இடத்தில் இருக்கும்போது மூடிக்கொண்டும் இன்னொரு இடத்தில் விரிந்தும் இருக்கும். உள்ளறைப் பக்கமிருந்தும் ஒருமுறை சோதியுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, அரைமணி நேரம் ஓட்டி வந்த சூட்டில் ஒருமுறை. இரண்டு பக்க டிரம்மின் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தனியாக ஒரு எண்ணைவிட, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் நிறையச் சொல்லும்.

கேள்வி: வால்வோ 66-ல் இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் முன்பெல்லாம் இன்ஜின் பிடித்து இழுக்கும். இப்போது சும்மா உருள்கிறது. டாஷ்போர்டில் உள்ள குறைந்த விகித சுவிட்சைப் போட்டாலும் பதில் இல்லை.

பதில்: இரண்டு கட்டளையும் கடைசியில் செய்வது ஒரே வேலை: உள்ளறைக்கு வேக்கத்தைத் திறந்து விகிதத்தை இறக்குவது. இரண்டும் ஒன்றாகச் செத்திருப்பதால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு: ஃபியூஸ், வால்வின் எர்த், வால்வு, உள்ளறை ஹோஸ், உள்ளறை. பிரேக்குக்கு மட்டும் வேலை செய்யாமல் சுவிட்சுக்கு வேலை செய்தால் பிரேக் லைட் சுவிட்ச் பக்கம் பாருங்கள். பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வால்வு முனையில் டெஸ்ட் லாம்பு எரிகிறது, வால்வும் சொடுக்குகிறது என்றால்தான் கைப்பம்பை எடுக்க வேண்டும். சமீபத்தில் டிரம் வேலை எதுவும் நடந்திருந்தால் முதலில் ஹோஸ்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் பிரேக் போடும்போது விகிதம் இறங்குவதற்குப் பதில் உயரும், வண்டி முன்னால் தள்ளுவது போல உணர்வீர்கள். சரிசெய்யும் வரை நீண்ட இறக்கங்களில் பிரேக் முழுப் பாரத்தையும் சுமக்கிறது என்பதை நினைவில் வைத்து வேகத்தைக் குறைத்தே இறங்குங்கள்.

கேள்வி: டாஃப் 55-ல் இடது பெல்ட் மட்டும் சூடாகிறது, அதன் பக்கவாட்டு பளபளவென்று ஆகிவிட்டது. வலது பெல்ட் புதிது போல இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. பெல்ட் இரண்டும் ஜோடி. நீளத்திலும் அகலத்திலும் இம்மியளவு வித்தியாசம் இருந்தாலும் ஒன்று பாரத்தை எடுத்துக்கொள்ளும், மற்றது சவாரி செய்யும்.

ஆனால் ஜோடியாக மாற்றினாலும் காரணம் அப்படியே இருந்தால் புதியதும் இதே கதிதான். உங்கள் வண்டியில் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது, ஒவ்வொரு பெல்ட்டும் தனியாக ஒரு சக்கரத்தை ஓட்டுகிறது. ஒரு பக்க டிரம்மில் வேக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் கீழ் விகிதத்துக்கு இறங்கப் பார்க்கும், மறுபக்கம் உயர்ந்த விகிதத்தில் நிற்கும். சாலையோ இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் உருளச் சொல்கிறது. அந்தச் சண்டையைப் பெல்ட்தான் வழுக்கித் தீர்க்கிறது. சூடு அங்கிருந்து வருவது. இது எந்த டிரம்மின் லீக் என்று சூட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். வழுக்குவது ஒழுகும் பக்கமாகவும் இருக்கலாம், எதிர்ப்பக்கமாகவும் இருக்கலாம். கைப்பம்பு பற்றிய பதிலில் சொன்னபடி இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் வேக்கத்தை விட்டுவிட்டு, இடது நகரும் தட்டு தன் ஷாஃப்ட்டில் தாராளமாக நகர்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் ஷாஃப்ட் சீல் போய், கியர்பாக்ஸ் எண்ணெயை வேக்கம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அது இன்ஜினுக்குப் போனால் நீலப் புகை, பெல்ட்டில் தெறித்தால் வழுக்கல். அப்படியானால் கியர்பாக்ஸ் எண்ணெய் அளவையும் உடனே பாருங்கள்.

கேள்வி: எந்த ஹோஸ் போடலாம்? சிலிக்கான் ஹோஸ் நிறம் நன்றாக இருக்கிறதே?

பதில்: நிறத்தை விடுங்கள், சுவரின் கனத்தைப் பாருங்கள். மெல்லிய சுவருள்ள ஹோஸ் வேக்கத்தில் சப்பிக்கொள்ளும், வளைவில் முதலில் சப்பும். வேக்கத்துக்கென்றே விற்கும் கனமான ரப்பர் ஹோஸ் போடுங்கள். சிலிக்கான் சூட்டைத் தாங்கும், ஆனால் பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் படும் இடத்தில் ஊறி மென்மையாகிவிடும். மேனிஃபோல்டு முனையில் அது வேண்டாம். உள்துளை பழைய அளவிலேயே இருக்கட்டும், நீளத்தையும் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். பிளாஸ்டிக் முனைகளில் கிளிப்பை முறுக்கித் தள்ளினால் முனை பிளந்து, அந்தப் பிளவு ஹோஸுக்குள் மறைந்துகொள்ளும்.

கேள்வி: லீக் எதுவும் இல்லை, கைப்பம்பில் எல்லாம் நன்றாக நிற்கிறது. ஆனால் பிரேக்கை விட்ட பிறகும் சில வினாடிகள் இன்ஜின் கீழ் விகிதத்திலேயே இரைகிறது. பிறகுதான் தணிகிறது.

பதில்: அறைக்குள் இருக்கும் வேக்கம் வெளியேற வழி தேவை. வால்வு மூடும்போது வளிமண்டலக் காற்றை அறைக்குள் விடும் துளை ஒன்று உண்டு. அதில் தூசு அடைத்திருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது லீக்குக்கு நேர் எதிரானது. வால்வில் காற்று நுழையும் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். வடிகட்டி நுரை இருந்தால் மாற்றுங்கள், நுரையை எடுத்துவிட்டு வெறுமனே விடாதீர்கள். அடுத்த மழைக்குள் தூசு வால்வின் இருக்கைக்கே போய்விடும்.

கேள்வி: கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். ஐட்லிங்கில் 13 அங்குலத்துக்கு மேல் வருவதே இல்லை.

பதில்: உங்கள் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு அங்குலம் குறையும். கடல் மட்டத்தில் 17 முதல் 21 வரை காட்டும் நல்ல இன்ஜின், உங்கள் உயரத்தில் ஏறக்குறைய 11 முதல் 14 வரை காட்டும். விகிதம் உயர்வதும் அங்கே கொஞ்சம் தாமதமாகத்தான் இருக்கும். முள் நிலையாக நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டு சிலிண்டர் வண்டியில் இயல்பாகவே முள் துடிக்கும், கேஜுக்குப் போகும் ஹோஸில் ஒரு குறுகிய துளை வைத்தால் படிக்க முடியும். நான்கு சிலிண்டரில் சீரான இடைவெளியில் விழுந்து எழுந்தால் இன்ஜின் வால்வைப் பாருங்கள். குறைவாக, ஆனால் அசையாமல் நின்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அதைச் சரிபார்க்காமல் லீக் தேடப் போகாதீர்கள்.

கேள்வி: என்னிடம் 1987-க்குப் பிறகு வந்த ஸ்டீல் பெல்ட் சிவிடி (விகிதம் தொடர்ந்து மாறும் டிரான்ஸ்மிஷன்) வண்டி. இந்தச் சோதனைகள் அதற்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. சுபாரு ஜஸ்டி போன்றவற்றில் வந்த ஸ்டீல் பெல்ட், எண்ணெய் அழுத்தத்தில் நெருக்கப்படும் புல்லிகளில் ஓடுகிறது. அங்கே வேக்கம் லீக் இன்ஜினின் ஐட்லிங்கைக் கெடுக்கும், புல்லியைத் தொடாது. டிரான்ஸ்மிஷன் கோளாறுக்கு எண்ணெயின் அளவு, தரம், அழுத்தம் இந்த வரிசையில் போங்கள்.

கேள்வி: டயஃப்ரம் கிழிந்திருப்பது உறுதியாகிவிட்டது. மாற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? மாற்றிய பின் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை.

பதில்: டிரம் வேகமாகச் சுழலும் பொருள். பிரிப்பதற்கு முன் மூடி, டிரம், தட்டு மூன்றின் மேலும் ஒரே கோட்டில் குறி போட்டுக்கொண்டு, அதே கோட்டில் திரும்பப் பூட்டுங்கள். தவறினால் சமநிலை கெட்டு, குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். எடைகளை இடம் மாற்றாதீர்கள். டயஃப்ரத்தின் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் பழைய ரப்பர்த் துகள், துரு எதுவும் இருக்கக் கூடாது. அந்த இடத்தை விரல் நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு நகத்துக்குத் தெரியும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சீல்களில் சாதாரண கிரீஸ் தடவினால் சில வகை ரப்பர் உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். அந்தக் கை பெல்ட்டையோ தட்டின் முகத்தையோ தொடக் கூடாது. தொட்டுவிட்டால் தட்டை பிரேக் கிளீனரால் துடைத்து உலர விடுங்கள்.

ஒரு பக்கம் கிழிந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். இரண்டையும் மாற்றிவிடுங்கள். பூட்டிய பின் பெல்ட் இறுக்கம் மறுபடி சரிபார்க்கவும், இரண்டு டிரம்மையும் கைப்பம்பில் அளந்து பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதவும். அதற்குப் பிறகுதான் ஸ்டாண்டில் இருந்து இறக்க வேண்டும். சக்கரம் தூக்கிய நிலையில் லீவரைப் போட்டு ஓடவிட்டு அடியில் யாரும் படுக்கக் கூடாது. பெல்ட் திறந்தவெளியில் ஓடுகிறது, சட்டைக் கையை இழுத்துவிடும்.

ஆர்பிஎம் மீட்டர் இல்லாதது ஒரு குறை இல்லை. கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் போதும். இரண்டு சிலிண்டர் டாஃப் 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 50 முறை வெடிக்கும், நான்கு சிலிண்டர் 100 முறை. ஆகவே அதிர்வெண்ணை இரண்டு சிலிண்டருக்கு 60-ஆலும், நான்குக்கு 30-ஆலும் பெருக்கினால் ஆர்பிஎம் கிடைக்கும். காற்றில்லாத நேரத்தில், சமதளத்தில், 70 கி.மீ. வேகத்தை நிலையாகப் பிடித்து அளந்து வையுங்கள். பிறகு நிறுத்தி வெளியறை ஹோஸ்களைக் கழற்றி, இன்ஜின் பக்கத்து முனையை அடைத்துவிட்டு, அதே இடத்தில் அதே வேகத்தில் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அடைக்காமல் விட்டால் கலவை நீர்த்து, அளவு குழம்பிவிடும். கழற்றிய நிலையில் ஆர்பிஎம் தெளிவாகக் கூடி, மாட்டியவுடன் பழைய இடத்துக்கு இறங்கினால் டயஃப்ரம் வேலை செய்கிறது. இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் வேக்கம் இன்னும் டிரம்மை எட்டவில்லை. டிரம்மை மறுபடி பிரிக்காமல், டிரம் வாயில் கேஜை மாட்டி ஹோஸ், வால்வு என்று பின்னோக்கி வாருங்கள்.